மேலதிகாரியின் மேசைக்கு முன்னால்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை முன்னிட்டு, மஃரிபுக்குப் பின் இளைஞர்களுக்காக நடைபெற்ற வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த ஆண்டு எந்தத் தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று செயலாளர் அவர்கள் வினவியபோது, வழக்கம்போல் மேற்படிப்பு வழிகாட்டல் என்றே கூறியிருந்தோம். பெருநாள் கழிந்து இரண்டு வாரங்களில் அந்த எண்ணம் மாறிற்று. துபாய் சென்ற நம் தெரு இளைஞர் ஒருவர் 11-ஆவது மாதத்திலேயே பெட்டியோடு வந்து இறங்கினார். காரணம் கேட்டால், "மேனேஜர் சரியில்லை" என்ற ஒரே பதில். அதே மாதத்தில் சென்னையில் பணியாற்றிய மற்றொருவரும் வேலையை விட்டுவிட்டு வந்தார். அவரிடமும் அதே பதில்தான். இவர்களைப் பற்றிப் பள்ளிவாசல் திண்ணையில் நடந்த பேச்சையும் கேட்டோம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது? நாங்களெல்லாம் எத்தனை ஏச்சு வாங்கினோம், ஓடியா வந்தோம்?" என்று சபுராளிப் பெரியவர்கள் கூறினார்கள்.

நாமும் 1991 முதல் 2015 வரை 24 ஆண்டுகள் துபாயில் கணக்குப் பிரிவில் உழைத்துத் திரும்பியவர்களே. ஆயினும் அந்தத் திண்ணைத் தீர்ப்பில் கையெழுத்திட நம் மனம் ஒப்பவில்லை. கையெழுத்து என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னோம். அதன் காரணத்தைச் சற்று நேரத்தில் கூறுவோம்.

கடுமையான மேலதிகாரி வேறு, தவறான மேலதிகாரி வேறு. இவ்விருவரையும் ஒருவராகவே எண்ணிக் குழம்புவதால்தான் சிலர் விடக்கூடாத வேலையை விடுகிறார்கள், சிலர் செய்யக்கூடாததைச் செய்துகொண்டே ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். நமக்கு வாய்த்த முதல் இரண்டு மேலாளர்களைப் பற்றிக் கூறினால் இது விளங்கும்.

முதலாமவரிடம் இனிய சொல் என்பது மருந்துக்கும் கிடையாது. கட்டடப் பொருள்களும் குழாய்ச் சாமான்களும் விற்கும் நிறுவனம் அது. நாம் எழுதிக் கொண்டுபோய் வைக்கும் கணக்குத் தாளைச் சிவப்புப் பென்சிலால் கிழியும் அளவுக்குக் கோடிட்டு மேசையின் மறுபுறம் தள்ளிவிடுவார். "உனக்குப் பட்டம் கொடுத்த கல்லூரி எது? அதை மூடச் சொல்ல வேண்டும்" என்று அலுவலகப் பையன் முதல் ஓட்டுநர் வரை அனைவரும் கேட்கும்படி கூறுவார். தெய்ராவில் எட்டுப்பேர் தங்கிய அறையில், இரவு விளக்கணைத்த பிறகு நாம் போர்வைக்குள் அழுத நாட்கள் உண்டு. வாப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் "இங்கு யாவரும் நலம், முதீர் நம்மீது பிரியமாக இருக்கிறார்" என்று எழுதுவோம். இந்த வரியை எழுதாத சபுராளி இக்கூட்டத்தில் இருந்தால் கையை உயர்த்தலாம்.

அவருடைய கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது ஏறத்தாழ நான்கு மாதம் கழிந்துதான் நமக்குப் புலனாயிற்று. அந்நாட்டில் வியாபாரம் பெரும்பாலும் பின்தேதியிட்ட காசோலைகளின் மேல் நடந்தது. நிறுவனத்தின் சார்பில் காசோலையில் கையெழுத்திடுபவர் அவர்தாம். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால் அன்றைய சட்டப்படி அது குற்ற வழக்கு. கையெழுத்திட்டவர் சிறைக்குப் போகவும் நேரும். பெரும்பாலான காசோலைகளுக்கு அந்தக் குற்றத் தண்டனை நீக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். ஆகவே 1991-இல் அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் வங்கி இருப்பு என்னவென்று அறியாமல் அச்சத்தோடு நாற்காலியில் வந்து அமர்ந்தார். நாமோ பத்தரை மணிக்கு, அதுவும் பிழையோடு, தாளைக் கொண்டுபோய் நீட்டினோம்.

இதனை உணர்ந்த பின் நாம் செய்தவை இரண்டு. அவர் திருப்பியனுப்பிய தாள்களை எறியாமல் சேர்த்து வைத்து, எந்தப் பிழை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தோம். ஐந்தே வகைப் பிழைகள்தாம் மாறி மாறி வந்திருந்தன. அடுத்து, முதல் நாள் வங்கி இருப்பையும் அன்று வரவேண்டிய காசோலைகளையும் அரைத்தாளில் எழுதி, அவர் வருவதற்கு முன் காலை 8.45-க்கே மேசையில் வைக்கத் தொடங்கினோம். ஏச்சு முற்றிலும் நின்றுவிடவில்லை, பாதியாயிற்று. எஞ்சிய பாதி அவருடைய சுபாவம். அதற்கு மருந்து நம்மிடம் இல்லை, தேடவுமில்லை. 1994-இல் வாப்பா மௌத்தான செய்தி வந்தபோது, அன்று மாலைக்குள் பயணச்சீட்டு வாங்கி, விமான நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டவரும் அவரே. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் பொய்க்கணக்கு எழுதும்படி அவர் நம்மிடம் கேட்டதில்லை.

எனவே இளைஞர்களே, உங்கள் மேலாளர் கத்துகிறார் என்றால் முதலில் பாருங்கள்: அவர் வேலையைப் பற்றிக் கத்துகிறாரா, உங்கள் பிறப்பையும் ஊரையும் மார்க்கத்தையும் பற்றிக் கத்துகிறாரா? முன்னதற்குப் பரிகாரம் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டம், முதலாளியோ மேலதிகாரியோ உடன் பணிபுரிபவரோ ஒரு தொழிலாளியைச் சொல்லாலோ உடலாலோ மனத்தாலோ வதைப்பதைத் தடை செய்திருக்கிறது. நம் காலத்தில் இருந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேலையை மாற்றினால் ஆறு மாதத் தடை விழும் என்ற அச்சத்திலேயே பலரும் வாய்மூடிக் கிடந்தோம். "நாங்களெல்லாம் ஓடியா வந்தோம்" என்று திண்ணையில் கூறும் பெரியவர்கள், ஓடுவதற்குக் கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

இனி இரண்டாமவர்.

முதலாமவர் ஓய்வுபெற்றுச் சென்ற பின் வந்தவர் இனிய மனிதர். வந்த முதல் நாளே நம் தோளில் கைபோட்டு, "பாய், நீங்கள் நம் ஆள்" என்றார். ஏச்சு கிடையாது. வியாழக்கிழமை மாலைகளில் அவர் செலவில் பிரியாணி வரும். நம் அறையிலிருந்த எட்டுப்பேரும் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்றால் மிகையன்று.

1998 டிசம்பர் 31. ஆண்டு இறுதிச் சரக்கு இருப்பு எடுக்கும் நாள். அல்கூஸ் பகுதியில் இருந்த கோடவுனுக்கு நாம் நேரில் சென்று எண்ணிப் பார்த்து, பட்டியலில் கையெழுத்திட வேண்டும் என்பது முறை. அன்று மாலை அவர் பட்டியலைத் தாமே கொண்டுவந்தார். "எண்ணியாகிவிட்டது பாய். குழாய்ப் பெட்டி 312. போட்டுவிடுங்கள். கோடவுனுக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும், உங்களுக்கு ஏன் சிரமம்?" என்றார். அந்தக் குரலில் ஓர் அவசரம் இருந்ததை நாம் கவனித்தோம். கவனித்தபின்னும் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டோம். ஏசுகிறவராக இருந்திருந்தால் ஒருவேளை மறுத்திருப்போம். பிரியாணி வாங்கித் தந்தவரை மறுக்க நா எழவில்லை.

மார்ச் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எண்ணினார். 270 பெட்டிகளே இருந்தன. 42 பெட்டிகள் இல்லை. டிசம்பர் 31 அன்று 312 இருந்ததாக நம்முடைய கையெழுத்து கூறுகிறது. எனவே காணாமற்போனது அதற்குப் பின்தான் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பின் கோடவுன் சாவி யாரிடம் இருந்தது? நம் மாவட்டத்தைச் சேர்ந்த 23 வயதுத் தம்பி ஒருவரிடம். பெட்டிகள் டிசம்பருக்கு முன்பே வெளியே போயிருந்தன என்பது மேலாளருக்குத் தெரியும். மார்ச்சில் நமக்கும் தெரிந்துவிட்டது. நம்முடைய கையெழுத்து செய்த வேலை இதுதான்: இழப்பின் தேதியை நகர்த்தி, அந்தத் தம்பியின் தலையில் கொண்டுபோய் வைத்தது.

அவரைத் திருட்டுப் பழியோடு பணிநீக்கம் செய்தார்கள். சேவை முடிவுப் பணம் கொடுக்கப்படவில்லை. பயணம் புறப்படுமுன் அவர் நம் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "காக்கா, நீங்கள் எண்ணிய அன்று 312 இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். நாம் "இருந்தது" என்றோம்.

அப்போது நம் இரண்டு சகோதரிகளுக்குத் திருமணம் நடத்த வேண்டியிருந்தது. ஊரில் வீடு ஈட்டில் இருந்தது. இவை பொய்யல்ல. இவற்றைக் காரணமாகக் கூறி நம்மை நாமே பல ஆண்டுகள் சமாதானப்படுத்திக்கொண்டோம். 2016-இல் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தோம். இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பதாகக் கூறினார். அங்கேயே உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். "அன்றைக்கே தெரியும் காக்கா. உங்கள் வாயால் கேட்க நினைத்தேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை. அந்தப் பணத்தை நாம் கொடுக்க முன்வந்தபோது வாங்கவும் இல்லை. இதைக் கூட்டத்தில் கூறலாமா என்று கேட்டு, பெயரையும் ஊரையும் மறைத்துக் கூறும்படி அவர் அனுமதித்த பின்பே இன்று இங்கே கூறுகிறோம்.

ஆகவே, திரும்பி வரும் பிள்ளையிடம் "பொறுமை இல்லையா?" என்று கேட்பதற்கு முன், "எதைச் செய்யச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். பெருநாளுக்குப் பின் வந்த அந்த இளைஞரிடம் நாம் தனியே அமர்ந்து கேட்டோம். அவர் கூறியதை இங்கே வெளியிட உரிமையில்லை. அவர் பொறுமையில்லாமல் வரவில்லை என்பதை மட்டும் திண்ணைப் பெரியவர்களுக்குத் தெரிவிக்கிறோம்.

அன்று நாம் எப்படி மறுத்திருக்கலாம்? பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறோம். எழுந்து நின்று "இது ஹராம்" என்று முழங்கியிருக்க வேண்டியதில்லை. அப்படி முழங்குவது கூட்டத்தில் கேட்க நன்றாக இருக்கும், அலுவலகத்தில் அடுத்த நாள் வேலை இருக்காது. "சார், நாளைக் காலை ஏழு மணிக்கு நானே போய் எண்ணிவிட்டுப் போடுகிறேன்" என்று கூறியிருக்கலாம். அதற்கும் அவர் ஒப்பாவிட்டால், கையெழுத்துக்குக் கீழே "நேரில் எண்ணப்படவில்லை, மேலாளர் தந்த எண்ணிக்கையின்படி" என்று ஒரு வரி எழுதி, தேதியும் நேரமும் இட்டிருக்கலாம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தம்பியின் மேல் பழி விழுந்திருக்காது. நம் வேலையும் போயிருக்காது என்றே இப்போது எண்ணுகிறோம். ஏனெனில் தவறு செய்கிற மேலாளருக்கு அப்படி ஒரு வரி எழுதப்பட்ட தாள் பயன்படாது. அவர் அதைக் கிழித்துவிட்டு வேறு ஆளைத் தேடுவார். வேறு ஆள் கிடைத்திருப்பானா என்பது வேறு கேள்வி.

அதற்குப் பின் பணியிலிருந்த 16 ஆண்டுகளும் கண்ணால் காணாத எதற்கும் நாம் கையெழுத்திட்டதில்லை. வாய்மொழி உத்தரவுகள் விஷயத்திலும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மேலாளர் தொலைபேசியில் ஏதேனும் புதுமையாகக் கூறினால், அரைமணி நேரத்திற்குள் "தாங்கள் இன்று கூறியபடி இன்ன வாடிக்கையாளருக்கு இன்ன தொகை தள்ளுபடி செய்கிறேன், தவறிருப்பின் தெரிவிக்கவும்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவோம். இதில் எதிர்ப்பு எதுவும் இல்லை. நேர்மையானவருக்கு இது உதவி. மற்றவர் அதன் பின் நம்மிடம் வாய்மொழியாக எதுவும் கூறமாட்டார். தினமும் நடந்ததைத் தேதியிட்டு எழுதும் சிறிய நாட்குறிப்பும் வைத்திருந்தோம். எனினும் ஓர் எச்சரிக்கை: நிறுவனத்தின் ஆவணங்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் சொந்தக் கைப்பேசிக்கு அனுப்பிச் சேர்த்து வைக்காதீர்கள். அதுவே உங்கள் மீது வழக்காகத் திரும்பக்கூடும். உங்கள் நியமனக் கடிதம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, உங்கள் பெயருக்கு வந்த கடிதங்கள் ஆகியவற்றின் நகல் போதும்.

அன்றாடம் வரும் சில சங்கடங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஜும்ஆ தொழுகைக்கான நேரம். இது நம் பிள்ளைகள் பலருக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் முதல் வாரத்திலேயே வருகிற பிரச்சினை. முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு எழுந்து நின்று கேட்டால் மேலாளர் முகம் சுளிக்கத்தான் செய்வார். நேர்முகத் தேர்விலோ பணியில் சேரும் அன்றோ, "வெள்ளிக்கிழமைகளில் ஒன்றேகால் மணி நேரம் வெளியே செல்வேன், அன்று மாலை அந்த நேரத்தை ஈடுசெய்வேன்" என்று கூறிவிடுங்கள். ஈடுசெய்வேன் என்று சொன்னால் ஈடுசெய்யவும் வேண்டும். தொழுகைக்கென்று சென்று தேநீர்க் கடையில் இரண்டரை மணி வரை நிற்கும் சில வாலிபர்களால், அடுத்து அந்த அலுவலகத்தில் சேரும் நம் பிள்ளைக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறையும் வெள்ளி அரைநாளும் என்று மாறிவிட்டது. தனியார் நிறுவனங்கள் தம் விருப்பப்படி நடத்துகின்றன. அங்கும்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

சொந்தக்காரரிடம் வேலை பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மாமாவின் கடை, மச்சானின் நிறுவனம் என்று போகிறவர்கள் நம் ஊரில் மிகுதி. "சம்பளம் என்ன?" என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணிப் பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். ஆறாம் மாதம் மனக்கசப்பு வந்தால், அதைத் தொழிலாளர் அலுவலகத்திலும் கூற முடிவதில்லை, வீட்டிலும் கூற முடிவதில்லை. திருமணப் பேச்சுகளும்கூட இதனால் முறிந்திருக்கின்றன. மாமாவாகவே இருக்கட்டும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

வருகைப்பதிவேட்டில் நண்பனுக்காகப் பதிவு செய்யாதீர்கள். நீங்கள் செய்த வேலையை மேலாளர் தம் பெயரில் காட்டினால் ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள். மறுமுறை வேலையை அனுப்பும்போது தொடர்புடைய பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இரவு 11 மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கு உடனே பதில் எழுதிப் பழக்கிவிட்டால் பிறகு நிறுத்துவது கடினம்.

இனித் திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய வாப்பாமார்களுக்கும் கூறவேண்டியது ஒன்று உண்டு. இன்று நம் பெண்பிள்ளைகள் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணியாற்றுகிறார்கள். மேலதிகாரியின் பார்வையோ பேச்சோ தவறாக இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டில் கூறுவதில்லை. ஏன்? கூறினால் மறுநாளே "வேலைக்குப் போக வேண்டாம்" என்று நாம் கூறிவிடுவோம் என்பதை அறிந்திருக்கிறாள். தவறு செய்தவர் நாற்காலியில் இருப்பார், நம் பிள்ளை வீட்டில் இருப்பாள். இந்த அச்சத்தால் அவள் தனியே தாங்கிக்கொள்கிறாள்.

1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளைத் தொடர்ந்து, 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளியின் மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் செல்லலாம். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் நீட்டிக்கப்படலாம். புகார் கொடுத்த பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டமே. வாப்பாமார்களே, உங்கள் மகள் வேலைக்குச் செல்லும் முதல் நாளில், "எது நடந்தாலும் என்னிடம் கூறு, வேலையை நிறுத்தமாட்டேன்" என்று ஒருமுறை கூறி அனுப்புங்கள்.

வேலையை விட்டே தீர வேண்டிய நிலை வந்தால், கோபத்தில் விடாதீர்கள், கணக்கோடு விடுங்கள். மேலாளரோடு சண்டையிட்டுவிட்டு அறையில் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அமீரகச் சட்டப்படி, தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேல் பணிக்கு வராதவரை முன்னறிவிப்பின்றியே நீக்கலாம். அந்த ஏழு நாட்களில் நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் போய்விடுகிறது. முறைப்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாட்கள் வரை பணியாற்றிவிட்டு வெளியேறினால், ஓராண்டு முடித்தவருக்கு முழுப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். தாமே விலகினால் குறைத்துத் தரும் பழைய முறை 2022-இல் நீங்கிவிட்டது.

சவூதியில் கணக்கு வேறு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளமும், பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடுகிறார்கள். ஆனால் தாமே விலகுபவருக்கு, இரண்டு ஆண்டுகள் நிறையாவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்து முதல் பத்து வரை மூன்றில் இரு பங்கு, பத்து நிறைந்தால் முழுமை. நாலே முக்கால் ஆண்டில் கோபித்துக்கொண்டு வருபவர் மூன்று மாதம் பொறுத்திருந்தால் தொகை இரட்டிப்பாகியிருக்கும். சம்பளம் தராமலும் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தும் துன்புறுத்தினால், அங்குள்ள தொழிலாளர் துறையிலும் இந்தியத் தூதரகத்திலும் முறையிடலாம். வெளியுறவுத் துறை 2015-இல் தொடங்கிய மதத் இணையத் தளத்தில் ஊரிலுள்ள குடும்பத்தினரே புகாரைப் பதிவு செய்யலாம். கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து. எந்தக் கஃபீலும் அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமையற்றவர்.

இதுவரை பேசியதைக் கேட்டு முன்வரிசையில் தலையசைத்துக்கொண்டிருக்கும் கடை முதலாளிகளுக்கும் ஒரு சொல். மேலதிகாரி என்றவுடன் நாம் யாரோ ஓர் அரபியையோ, குளிர்சாதன அறையில் அமர்ந்திருப்பவரையோ நினைத்துக்கொள்கிறோம். நாம் 2004-இல் கணக்குப் பிரிவின் தலைவரானோம். இரண்டே ஆண்டுகளில், சிவப்புப் பென்சிலால் கோடிட்டுத் தாளைத் தள்ளிவிடும் பழக்கம் நம் கைக்கும் வந்துவிட்டது. அந்த முதல் மேலாளரிடமிருந்து விமான நிலையம் வரை வந்த பண்பைக் கற்றோமா என்றால், பென்சிலைத்தான் முதலில் கற்றிருந்தோம். நமக்குக் கீழிருந்த பிள்ளைகள் நம்மிடம் பிழைகளை மறைக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை ஒரு பெரிய பிழை மூன்று மாதம் மறைந்திருந்து வெளிப்பட்டபோது, அதை எழுதிய பையனைக் கேட்டோம். "சொன்னால் ஏசுவீர்கள் என்று பயந்தேன் சார்" என்றான். அன்று மாலை அறைக்குச் சென்ற பின் உணவு இறங்கவில்லை.

நம் கடைத்தெருவில் ஜவுளிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தமிழகத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, பணியாளர் ஒவ்வொருவருக்கும் அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது. வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நிற்கட்டும், யாரும் வராத மூன்று மணி வெயிலில் அந்தப் பெண் ஏன் நிற்க வேண்டும்? நேற்று நம் கடைத்தெருவில் ஒன்பது கடைகளுக்குள் சென்று பார்த்தோம். இரண்டில் மட்டுமே இருக்கை இருந்தது. மற்ற ஏழின் உரிமையாளர்கள் யாரென்று இங்கே கூறப்போவதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. நிர்வாகக் கமிட்டியின் அனுமதியோடு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு நாம் அமர்ந்திருப்போம். வெளிநாடு செல்பவர்கள் ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் கொண்டுவரலாம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் வாசித்து விளக்குவோம். மேலாளருக்கோ தூதரகத்திற்கோ கடிதம் எழுத வேண்டியவர்கள் வரலாம். எழுதித் தருவோம், கட்டணம் இல்லை. பெண்பிள்ளைகளுக்காகப் பணி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மதரஸா கட்டடத்தில் அதே நேரத்தில் இருக்க இசைந்திருக்கிறார். அங்கே கூறப்படுவது வெளியே போகாது. வருகிறவர்கள் நியமனக் கடிதத்தையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் மறவாமல் எடுத்து வரவும்.